சூசை பெயரில் ஒரு லைன்

குருபரப்பள்ளியில் கேபிள்காரர் சூசையைத் தெரியாத வீடு கிடையாது. முப்பது வருஷமாக ஊருக்குள் கம்பி இழுக்கிறவர். முதலில் டிவிக்கு இழுத்தார், இப்போது இன்டர்நெட்டுக்கு. மனுஷனுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம்: வந்து கேட்டவரிடம் முடியாது என்று சொல்லத் தெரியாது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், ஃபேக்டரி வேலைக்கு வந்து ஒரே ஷெட்டில் தங்கியிருந்த வடமாநிலத்து ஆட்கள் நாற்பது பேர் லைன் கேட்டார்கள். உள்ளூர் முகவரிச் சான்று ஒருவரிடமும் இல்லை. சூசை தன் ஆதாரையே கொடுத்துத் தன் பெயரில் லைன் போட்டுவிட்டார். பாவம், பிள்ளைகுட்டிகளின் முகத்தைப் பார்த்துப் பேசட்டும் என்று நினைத்தார்.

அந்த லைனிலிருந்து எவனோ ஒருவன் பெங்களூருப் பெண் ஒருத்தியின் முகத்தை வெட்டி ஒட்டி, அசிங்கப் படமாக்கிப் பரப்பிவிட்டான். நேற்று போலீஸ் சொல்லி அந்த லைன் துண்டிக்கப்பட்டது. இன்று காலை கர்நாடகத்திலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் சூசையை உள்ளூர் ஸ்டேஷனுக்கு வரவழைத்தார்.

சூசைக்கு இன்டர்நெட் கொடுக்கும் பெரிய கம்பெனி, போலீஸுக்கு எழுதிய ஒரே கடிதத்தில் கை கழுவியிருந்தது. இணைப்புக் கொடுப்பது மட்டுமே தங்கள் வேலை, வாடிக்கையாளர் செய்வதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று எழுதி, வாடிக்கையாளர் பெயரைக் கீழே போட்டிருந்தார்கள். அ. சூசை.

"நானும் கம்பிதாங்க சார் இழுத்தேன். அவங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயங்களா?"

"அவங்ககிட்ட பேரு இருந்துச்சு, குடுத்துட்டாங்க. உங்ககிட்ட பேரு இருக்கா? இல்லன்னா ஆள் நீங்கதான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்தப் பெண்ணுக்கு சூசையின் மகள் ஃபெபாவின் வயசுதான். இன்ஸ்பெக்டர் காட்டிய படத்தை அவர் உடனே கவிழ்த்து வைத்தார். செய்தவன் கையை ஒடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் யார் அவன்? நாற்பது பேரில் ஒருவன் பெயர்தான் சூசைக்குத் தெரியும். சுரேந்தர். போன மழையில் கம்பி அறுந்தபோது, இவருடைய முட்டிவலியைப் பார்த்து, ஏணியைப் பிடுங்கித் தானே ஏறிக் கட்டியவன். அவனாக இருக்காது என்று சூசைக்கு நன்றாகத் தெரியும்.

சாயங்காலம் வரை அவரை ஸ்டேஷனிலேயே உட்கார வைத்திருந்தார்கள். வெளியே வேப்பமரத்தடியில் மனைவி மேரிராணி ஜெபமாலையோடு நின்றுகொண்டே இருந்தாள். ஐந்து மணிக்குச் சொல்லிவிட்டார்.

"சுரேந்தர்னு ஒருத்தன் இருக்கான் சார். விசாரிச்சுட்டு உட்ருவீங்க இல்லீங்களா?"

இன்ஸ்பெக்டர் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்.

அடையாளம் காட்ட அவரையே ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். ஷெட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி, அவரை முதலில் நடக்கச் சொன்னார்கள். நேற்றிலிருந்து நெட் இல்லாமல் ஆட்கள் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சூசை வருவதைப் பார்த்ததும் சுரேந்தர் எழுந்து, சுவரோரம் சாய்த்திருந்த ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு எதிரே வந்தான்.

"அண்ணா, நீ ஏறாத. கால் வலிக்கும். நான் ஏறும்."