சுமன் காக்கு வீட்டுத் தண்ணீர்

மழை பிடித்த முதல் வாரத்தில் எங்கள் குழாய்த் தண்ணீருக்கு ஒரு நாற்றம் வரும். பாதி சேறு, பாதி ப்ளீச்சிங் பவுடர். வாயில் வைத்தால் நாக்கில் துரு ஒட்டும். புனேயில் கட்கிப் பக்கம், ராணுவத்துக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலையின் குடியிருப்பில், பத்து வீட்டுக்கு ஒரு குழாய் என்று நீளமாகக் கிடந்த "லைன்" வீடுகளில்தான் தொண்ணூறுகளில் நான் வளர்ந்தேன். குழாயும் சாக்கடையும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கும். அதைக் கட்டியவன் ஒரு நாள்கூட அந்தத் தண்ணீரைக் குடித்திருக்க மாட்டான்.

எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவள். கிருமி எப்படிப் பரவும் என்பதைப் புத்தகத்தில் படிக்கவில்லை, நோயாளிகளின் பீத்துணியை அலசி அலசித் தெரிந்துகொண்டாள். டூட்டி முடிந்து வந்தால் எங்களைத் தொட மாட்டாள். நேராகக் குழாயடிக்குப் போய், முழங்கை வரை சோப்புப் போட்டு, நகத்தைத் தேய்த்து, கழுவிய கை மறுபடி படாமல் முழங்கையாலேயே குழாயை மூடிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவாள். எங்களுக்கும் அதே சட்டம்தான். கக்கூஸ் போய் வந்தால் சோப்பு, சோற்றில் கை வைக்கும் முன் சோப்பு. உள்ளங்கையில் இருமினால் அந்தக் கையிலேயே அடி விழும். கைக்குட்டையில்தான் இரும வேண்டும். பஸ்ஸில் கண்டக்டர் எச்சில் தொட்டுக் கிழித்துத் தரும் டிக்கெட்டைப் பல்லில் கவ்வக் கூடாது. வடாபாவில் வடையை எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டில் தின்னலாம், பச்சைச் சட்னி ஆகாது. இதெல்லாவற்றுக்கும் மேலே, மழைக்காலத்தில் கொதிக்காத தண்ணீர் ஒரு மடக்குக்கூட உள்ளே போகக் கூடாது.

லைனில் அம்மாவுக்கு "டாக்டரீண்பாய்", அதாவது டாக்டரம்மா என்று பேர். அந்தப் பேரை வைத்தது பக்கத்து வீட்டு சுமன் காக்கு. மராத்தியில் காக்கு என்றால் சித்தி மாதிரி. அம்மா குடத்தோடு வருவதைப் பார்த்ததும், "டாக்டரீண்பாய் வந்தாச்சு, எல்லாரும் கையைக் காட்டுங்கடி!" என்று கத்துவாள். குழாயடியே சிரிக்கும். அம்மாவும் சிரிப்பாள், ஆனால் சட்டத்தைத் தளர்த்த மாட்டாள்.

அந்த ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் உட்கார்ந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கையில் வரும். அதற்குப் பிறகுதான் பேச்சு. எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு மழை நாளில் காக்குவுக்கு எதையோ கொடுக்கப் போனேன். அவள் பளபளவென்று துலக்கிய டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நக்கோ, வேண்டாம், உங்க வீட்டுத் தண்ணி குடிக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க" என்று மராத்தியில் கணீரென்று சொன்னேன். அம்மா 'உங்க வீட்டு' என்று சொல்லவே இல்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். மூளை இருந்தால்தானே.

காக்கு டம்ளரைக் கீழே வைத்தாள். "தும்ஹீ பண்?" என்றாள். நீங்களுமா என்று அர்த்தம்.

அந்தக் கேள்வியில் என்ன இருந்தது என்று எனக்கு அன்று தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். வேலூர்ப் பக்கம் அவர் பிறந்த ஊரில் எங்கள் தெருத் தண்ணீரை மேல்தெருக்காரன் தொட மாட்டான். டீக்கடையில் எங்களுக்குத் தனி டம்ளர். காக்கு குடும்பத்துக்கும் அவர்கள் ஊரில் அதே கதைதான். இரண்டு குடும்பமும் அந்தக் கேவலத்திலிருந்து தப்பித்துத்தான் இந்த லைனில் பக்கத்துப் பக்கத்துக் கதவுக்கு வந்து சேர்ந்திருந்தன.

விஷயம் சாயங்காலத்துக்குள் நைனா காதுக்குப் போய்விட்டது. "அவங்க வூட்டுத் தண்ணிய வாணாம்னு சொல்ல நாம இன்னா பெரிய ஜமீனா? நம்மள சொன்னானுங்களே, அது மறந்துபோச்சா உனுக்கு?" என்று அம்மாவிடம் கத்தினார்.

"சாதிய பாத்தா சொன்னேன்? கொழாய பாத்து சொன்னேன்."

"கேக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்டி."

இரண்டு பேர் சொன்னதும் சரி. அதுதான் தொல்லை. மறுநாள் காலையில் நைனா காக்கு வீட்டு வாசலில் போய் நின்று, லைனே பார்க்கும்படி ஒரு செம்புத் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் கடகடவென்று குடித்துவிட்டு வந்தார். காக்கு நைனாவிடம் மட்டும் பேசினாள், அம்மாவிடம் பேசவில்லை.

மழை வலுத்தது. லைனில் மூன்று வீட்டில் "காவீள்" வந்தது. மஞ்சள் காமாலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அடுத்து நைனாவின் கண்ணும் மஞ்சளாயிற்று. அந்தச் செம்புத் தண்ணீரால் வந்ததா, தொழிற்சாலை கேன்டீன் தண்ணீரால் வந்ததா, யாருக்குத் தெரியும். நான்தான் சொன்னேனே என்று அம்மா ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. அவளுக்கு வேறு பயம் இருந்தது. காக்குவின் மருமகள் வந்தனாவுக்கு ஏழாம் மாதம். காமாலையோடு வார்டுக்கு வந்த கர்ப்பிணிகளை அம்மா பார்த்திருக்கிறாள், அவர்களில் சிலர் வீடு திரும்பாததையும் பார்த்திருக்கிறாள். "அந்தப் பொண்ணு இன்னும் கொழாத் தண்ணியதான் குடிக்குது" என்று சோறு பிசைந்துகொண்டே சொன்னாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

காக்கு வீட்டு வாசலில் நின்று அம்மா கேட்டது மன்னிப்பு இல்லை. டீ கேட்டாள். "காக்கு, ஒரு டீ கிடைக்குமா?"

டீ கேட்டு வந்தவளைத் துரத்த அந்த ஊரில் யாருக்கும் மனசு வராது. காக்கு முறைத்துக்கொண்டே ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். "எங்க வீட்டு டீ டாக்டரீண்பாய்க்குத் தொண்டையில இறங்குமா?"

"கொதிச்சா இறங்கும்."

காக்கு கொடுத்த கப்பில் அடிமண்டி வரை குடித்துவிட்டு, அம்மா இன்னொரு கப் கேட்டாள். அதையும் குடித்த பிறகு சொன்னாள்: "இதே மாதிரி தண்ணியையும் கொதிக்கவச்சுக் கொடுங்க, தினம் வந்து குடிக்கிறேன். வந்தனாவுக்கும் அதையே கொடுங்க. எனக்கு உங்க வீடு பயமில்லை காக்கு. அந்தக் குழாய்தான் பயம். அவளைச் சாக விடாதீங்க."

வந்தனா கதவோரம் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். காக்கு ஸ்டவ்வை ஆட்டிப் பார்த்துவிட்டு, "தினம் கொதிக்கவைக்க ராக்கெல்லுக்கு எங்கே போவேன்?" என்றாள். ராக்கெல் என்றால் மண்ணெண்ணெய். ரேஷனில் வருவது சோறு பொங்கவே போதாது.

"ஒரு நாள் உங்க ஸ்டவ், ஒரு நாள் எங்க ஸ்டவ். பாத்திரம் ஒண்ணுதான்."

காக்கு அம்மாவின் கையிலிருந்த கப்பை வாங்கிக்கொண்டு, "உன் புருஷனுக்குக் கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அதோடு சண்டை முடிந்தது.

மழை ஓயும் வரை இரண்டு வீடும் ஒரே பாத்திரத்துத் தண்ணீரைத்தான் குடித்தோம். ஆறிய பாத்திரத்தை ஒரு பக்கம் நானும் மறு பக்கம் காக்குவும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவோம். படுத்திருந்த நைனா, "இன்னிக்கு யார் வூட்டு முறை?" என்று கேட்பார். காக்கு வீடு என்றால் இன்னொரு டம்ளர் வாங்கிக் குடிப்பார். அவருக்கு உடம்பு தேறியது. வந்தனாவுக்குக் கடைசி வரை கண் வெள்ளையாகவே இருந்தது. தீபாவளிக்கு முன்னால் பெண் பிறந்தது. குழந்தையைப் பார்க்க வந்த லைன் பெண்களை வாசலிலேயே நிறுத்தி, காக்கு இந்தத் தடவை நிஜமாகவே கையைக் காட்டச் சொன்னாள். ஒருத்தியைத் திருப்பியும் அனுப்பினாள்.

இப்போது அந்த லைன் இல்லை, இடித்துவிட்டார்கள். அம்மாவும் இல்லை. நான் புனேயின் புறநகரான வாகட்டில் ஐந்தாம் மாடியில் இருக்கிறேன். வீட்டுக்கு வீடு சுவரில் தண்ணீர் சுத்தம் செய்யும் பெட்டி தொங்குகிறது. விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுத்தால், பையிலிருந்து சொந்த பாட்டிலை எடுத்துக் காட்டுகிறான். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் யாருக்கும் யாரையும் தெரியாது. படித்தவன்தான் லிஃப்டில் என் முகத்துக்கு நேராகத் தும்முகிறான். சொன்னால் முறைக்கிறான்.

ஊரெல்லாம் முகத்தில் துணி கட்டிக்கொண்டு திரிந்த அந்தக் காய்ச்சல் வருஷத்தில், எதிர் ஃப்ளாட்டில் தனியாக இருந்த ஐடி கம்பெனிப் பெண் மூன்று நாளாகப் படுத்துக் கிடக்கிறாள் என்று எனக்கு வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்தது. மூன்று நாளும் நான் கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு, கதவையும் சுத்தமாகச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. மூக்கும் வாயும் மூடத் துணி கட்டிக்கொண்டு, கஞ்சியை எடுத்துக்கொண்டு போய் மணியடித்தேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து, "வராதீங்க ஆன்ட்டி, உங்களுக்கும் ஒட்டிக்கும்" என்று இந்தியில் அழுகிற குரல் வந்தது.

"ஒட்டாமல் எப்படி வருவதென்று எனக்குத் தெரியும். எங்கம்மா சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் செத்தாள்" என்றேன். "கதவைத் திற."