மிச்சம் இருந்த புளியங்கொட்டை

எழுத்து வராதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாவதோடு என் படிப்பு முடிந்துபோச்சு. மறதியும் கூடிப்போச்சு. காலையில் மாத்திரை போட்டேனா என்று மகளைக் கேட்கிறவள் நான். ஆனாலும் போன மாசம் பிரிக்ஃபீல்ட்ஸ் சங்கத்து மாடியில் நடந்ததை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

சங்கத்தில் புதுசாக ஒரு பலகை மாட்டப் போகிறார்கள். அந்தக் காலத்து நெடுந்தூர ஓட்டக்காரர்களில் முதல் யார், இரண்டாவது யார் என்று வரிசையாகப் பேர் போடுகிற பலகை. எங்க வீட்டுக்காரர் ரயில்வே பட்டறைக்காக ஓடினவர். அவர் போய் ஒன்பது வருசம் ஆச்சு. அவருக்குச் சரியான போட்டி கிள்ளான் ஊர்க்காரர் ஒருத்தர், துறைமுகத்தில் வேலை செய்தவர். அவர் இன்னும் இருக்கிறார். முதலிடம் இந்த இரண்டு பேரில் யாருக்கு என்பதுதான் பேச்சு. குடும்பத்தாரும் வரணும் என்று கூப்பிட்டதால் போனேன்.

போனது தப்பு. வடையைக் கடித்துக்கொண்டே பேசுகிறார்கள். ஓட்டத்தின் அழகுக்குத் தனி மார்க் வேணும் என்கிறார் ஒருத்தர். அந்தக் காலத்தில் போட்டிக்கு ஆளே இல்லை, ஜெயித்தது பெரிசா என்கிறார் இன்னொருத்தர். இரண்டு பேருமே இன்றைக்கு ஓடுகிற பிள்ளைகள் பக்கத்தில் நிற்க முடியாது என்று சொல்லிவிட்டு ஒருத்தர் இன்னொரு வடை எடுத்தார். மாடிப்படி ஏறி வந்ததற்கே அவருக்கு அத்தனை மூச்சு வாங்கியது. பாசாரில் கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார்களே, அப்படித் தூக்கிப் பார்த்தார்கள் செத்த மனுசரை.

கடைசியில் செயலாளர் தீர்ப்பு சொன்னார். இரண்டு பேரும் நேருக்கு நேர் ஓடினதில் ஒரே ஒரு ஓட்டம்தான் வித்தியாசம். கிள்ளானில் மழையில் நடந்த பத்தாயிரம் மீட்டர். அதில் கிள்ளான்காரர் ஜெயித்தார், அதனால் அவர்தான் முதல்.

அந்த ஓட்டத்தில் சுத்து எண்ணினது நான்.

அப்போதெல்லாம் எங்கள் போட்டிகளில், ஓடுகிறவர் சுத்து எண்ண வீட்டிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வரணும். ஓட்டம் முடிகிற கோட்டுப் பக்கம் பாய் போட்டு உட்காருவோம். மடியில் இருபத்தைந்து புளியங்கொட்டை. நம்ம ஆள் ஒரு சுத்து முடித்தால் ஒரு கொட்டையைப் பால் டின்னில் போடணும். ஒன்றே ஒன்று மிஞ்சும்போது எழுந்து நின்று கடைசிச் சுத்து என்று சொல்லணும். உடனே மணி அடிப்பார்கள்.

அன்றைக்குக் கிள்ளான்காரரின் அக்காவுக்குக் காய்ச்சல். அவருக்கும் என்னையே எண்ணச் சொன்னார்கள். எங்க வீட்டுக்காரர் கொட்டை மடியில், அவருடையது கைக்குட்டையில். பாதி ஓட்டத்தில் கிள்ளான்காரர் எதிர்ப்பக்கம் குந்தி வாந்தி எடுத்தார். அவர் தெளிந்து எழுந்து மறுபடி ஓடுவதற்குள் எங்க வீட்டுக்காரர் அவரை ஏறக்குறைய ஒரு சுத்து முந்திவிட்டார். மழையில் இருபது பேர் கலந்து ஓடும்போது அது யாருக்குத் தெரியும்? பார்க்கிறவர்களுக்குக் கிள்ளான்காரர்தான் நாலு எட்டு முன்னால் போகிற மாதிரி இருந்தது. நான் எழுந்து எங்க வீட்டுக்காரருக்குக் கடைசி என்றேன். இரண்டு பேருக்கும் சேர்த்து மணி அடித்துவிட்டார்கள். கைக்குட்டையில் இன்னும் இரண்டு கொட்டை இருந்தது.

அவருக்கு இல்லை என்று நான் கத்தியிருக்கணும். கல்யாணமாகி நாலு மாசம். சுற்றி அத்தனை ஆம்பளைகள். வாய் வரவில்லை. அந்தச் சுத்து முடிந்து வந்து கயிற்றை நெஞ்சில் வாங்கினவர் கிள்ளான்காரர். வாந்தி எடுத்தவராச்சே என்று நான் கொண்டுபோன சீரகத் தண்ணியை அவருக்குத்தான் முதலில் கொடுத்தோம்.

வீட்டுக்கு வந்து, அந்தச் சுத்துக்கு ஒன்றைப் போட்ட பிறகும் கைக்குட்டையில் மிஞ்சின ஒரு கொட்டையைக் காட்டினேன். எங்க வீட்டுக்காரர் கையில் வாங்கிப் பார்த்தார்.

"விடு. பொம்பள எண்ணுனதுன்னு சிரிப்பானுங்க" என்றார். அப்புறம் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

நான் கூட்டத்தில் பேசினதே கிடையாது. அன்றைக்குச் சங்கத்தில் எழுந்து நின்று இதையெல்லாம் சொன்னேன். செயலாளர் சிரித்தார்.

"ஆன்டி, புளியங்கொட்டைய வச்சு ரெக்கார்ட மாத்த முடியாது லா."

அதில் ரசம்கூட வைக்க முடியாது என்றார் இன்னொரு வடை எடுத்தவர். எல்லாரும் சிரித்தார்கள். எங்க வீட்டுக்காரர் சொன்ன அதே சிரிப்பு. கிள்ளான்காரர் முன்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்து படி இறங்கும்போது பக்கத்தில் வந்தார். குரலை இறக்கி, "எனக்கு அன்னைக்கே தெரியும் தங்கச்சி. மணி அடிச்சாங்க, ஓடிட்டேன்" என்றார்.

"மேல இருக்கும்போது சொல்லியிருக்கலாமே அண்ணே."

"இந்த வயசுல எதுக்கு" என்றார். கொமுட்டர் ரயிலுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்.

த்தூ என்றிருந்தது. அவர்மேல் மட்டும் இல்லை, என்மேலும்தான். அவர் வாயை மூடிக்கொண்டார் என்கிறேன். அவருக்கு முன்னால் மூடினவள் நான்.

பலகை வந்துவிட்டது, பேர் இன்னும் எழுதவில்லை. அன்றைக்கு அந்தப் பாயில் என்னோடு உட்கார்ந்து எண்ணின பெண்கள் யாராவது இருந்தால், அவர்கள் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், நான் எழுதினதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். காய்ச்சல் அக்காவுக்கா அம்மாவுக்கா என்பதில் நான் தப்பு விட்டிருக்கலாம். ஓடினவர்கள் இருபது பேர் இல்லாமலும் இருக்கலாம். கைக்குட்டையில் மிஞ்சின கொட்டையை மட்டும் நன்றாக நினைத்துப் பாருங்கள். பார்த்திருந்தால், பெயின்ட் அடிக்கிறவர் வருவதற்குள் சங்கத்துக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள்.