கன்னத்தைத் தூக்கிப் பிடித்த காலம்

போன வருஷம் என் மனைவிக்கு முகவாதம் வந்தது. இடது கன்னம் தொங்கி, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கொஞ்ச நாள் லீவில் இருந்துவிட்டு, மாத்தளையில் அவள் கிளார்க்காக இருக்கும் கந்தோருக்குத் திரும்பிப் போனாள். வாசலில் முகம் பார்த்து வரவு பதிகிற மெஷின், ஆளைத் தெரியவில்லை என்றது.

அது ஏற்காவிட்டால் அன்றைக்கு அவள் வரவில்லை என்று கணக்கு. கந்தோர்ப் பொறுப்பில் இருந்த பெரியவரிடம் போய்க் கேட்டேன். "நான் என்ன செய்ய? அது கொழும்பு சிஸ்டம்" என்றார். அவர் மேசைக்கு எதிரேதான் அவள் உட்கார்ந்திருந்தாள். கண்ணெதிரே இருப்பவளை வரவில்லை என்கிற மனுசனிடம் என்ன பேசுவது?

காவலாளிதான் வழி சொன்னான். "அக்கா, கன்னத்தக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க." விரலால் தூக்கிப் பிடித்தாள். ஒரு நாள் ஏற்றது, மறுநாள் ஏற்கவில்லை. காலையில் கண்ணாடி முன் நின்று அந்தப் பிடியைப் பழகத் தொடங்கினாள்.

"வேலைய விட்டுரவாங்க?" என்று கண்ணாடியைப் பார்த்தபடியே ஒருநாள் கேட்டாள். எனக்கு அந்த மெஷினை உடைக்க வேண்டும் போலிருந்தது.

அதே கந்தோரில் ஒரு கூட்டம் நடந்தது. செயற்கை நுண்ணறிவுக்கு உலக நாடுகள் வைக்க வேண்டிய ஒழுங்குகள் பற்றி, கொழும்பிலிருந்து ஒருவர் பேசினார். அவளைக் கூட்டிப்போக வந்த நான் பின் கதிரையில் உட்கார்ந்து கேட்டேன். யாருக்கும் ஓரவஞ்சனை கூடாதாம். மெஷின் மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமாம். கடைசி முடிவு மனுசன் கையில்தானாம்.

எழுந்துவிட்டேன். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்தக் கந்தோர்ல அந்த மனுசன் யாருங்க? கையத் தூக்கச் சொல்லுங்க."

என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். பேசியவர் பெரியவரைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். பெரியவர் மெல்லக் கையைத் தூக்கினார். விடுபட்ட நாட்களை அவரே திருத்தினார். திங்கட்கிழமை முகத்தைப் புதிதாகப் பதியலாம் என்றார்.

திங்கள் காலையில் பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, பெரிய பொட்டோடு வந்து நின்றாள்.

"கல்யாணத்துக்கா போற?"

"போட்டோ எடுக்கிறாங்கல்ல?"

வாசலில் காவலாளி, "அக்கா, இனி தினமும் பட்டுலதான் வரணும், இல்லாட்டி ஏற்காது" என்றான். அவள் வாய் கோணச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் மெஷின் அவளைப் பதிந்தது.

சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பி நடக்கும்போது கேட்டேன். "முகம் நேரானா அது திரும்பத் தெரியாதுன்னு சொல்லுமே?"

"சொல்லட்டும். நான் திரும்பப் பட்டு கட்டுறேன். நீங்க திரும்ப வந்து கத்துங்க."