கதவுக்குப் பின்னால் நாலு நிமிடம்

என் மாமாவுக்குக் கதவு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை மின்கட்டணச் சீட்டில் பார்க்கலாம். மாமா லிஃப்ட் மெக்கானிக். பதினோரு கட்டிடங்களின் லிஃப்ட்டுகள் அவர் பொறுப்பு. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் முதல் போன் அவருக்குத்தான். "கதவைத் தட்டாதீங்க, உதைக்காதீங்க, சாமி கும்பிடுறவங்க கும்பிட்டுக்கிட்டே இருங்க, வந்துட்டேன்" என்பார். ஆனால் பட்டப்பெயர் தொழிலால் வந்ததில்லை. ஒரு சினிமாவால் வந்தது.

படத்தின் பெயர் 'ஒன்பதாம் சுற்றுப்பாதை'. இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய விண்வெளிப் படம். நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு நிலையத்தில் ஒருத்தன் தனியாக இருக்கிறான். துணைக்கு ஒரு இயந்திர மனிதன். இரண்டுக்கும் சண்டை முற்றி, இயந்திரத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறான். பல மாதம் போகிறது. கடைசிக் காட்சியில் யாரோ வெளியிலிருந்து கதவைத் தட்டுகிறார்கள். மூன்று தட்டு. அவன் கை தாழ்ப்பாளை நோக்கிப் போகிறது. பொசுக்கென்று திரை இருட்டாகிறது. அவ்வளவுதான் படம். நூற்றியிரண்டு நிமிடம். எங்கள் ஊர்த் தியேட்டரில் ஓடியது இதுதான்.

பல வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து இன்னொரு பிரதி வந்து சேர்ந்தது. நூற்றியாறு நிமிடம். அதில் கதவு திறக்கிறது. இயந்திர மனிதன் உள்ளே வந்து, தான் ஏன் திரும்பி வந்தேன் என்பதை நாலு நிமிடம் விளக்குகிறான்.

அந்த நாலு நிமிடம் எங்கள் ஊரில் இரண்டு கட்சிகளை உண்டாக்கியது. மூடிய கட்சி, திறந்த கட்சி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியறையில் ரசிகர் சங்கம் கூடும். சுவரில் கண் பரிசோதனை அட்டை தொங்கும். கீழ்வரிசை எழுத்தைப் படிக்க முடியாத வயதில்தான் முக்கால்வாசிப் பேர் இருந்தார்கள். ஆனால் திரையின் மூலையில் தெரியும் திருகாணியில் எத்தனை மரை என்று சொல்வார்கள்.

மூடிய கட்சிக்கு மாமா தலைவர். ஊரிலுள்ள கதவையெல்லாம் திறந்துவிடுகிற மனிதர், ஒரே ஒரு கதவை மட்டும் மூடியே வைக்கச் சொன்னார். திறந்த கட்சிக்குத் தலைவர் பல் டாக்டர். காலையிலிருந்து எல்லாரையும் திறக்கச் சொல்லியே பழகியவர்.

"வெற்றிடத்துல தட்டினா சத்தமே கேக்காது. உங்க முடிவே தப்பு" என்பார் டாக்டர்.

"இரும்பு வழியா கேக்கும். ஆறாவது மாடியில நட்டு விழுந்தா எனக்குக் கீழ கேக்குது. சொத்தைப் பல்லைத் தட்டிப் பாக்குறவருக்கு இது தெரியாதா?"

"அப்ப வந்தது யாருன்னு தெரிய வேணாமா?"

"தெரியணும்னு நினைக்கிறீங்க பாருங்க, அதுதான் படம். டேய், நீ சொல்லுடா" என்று என் பக்கம் திரும்புவார். "நீ படிக்கிற கவிதையெல்லாம் பாதியில நின்னுடுதே. எவனாவது போய் மீதி எங்கடான்னு கேட்டானா?"

நான் டீ டம்ளர்களை எண்ணுகிற பாவனையில் குனிந்துகொள்வேன்.

போன வருடம் இந்தச் சண்டைக்கு ஒரு பரிசு முளைத்தது. அந்தப் படத்தைத் துடைத்து மெருகேற்றி வீடியோ வட்டாக வெளியிடப் போகிற ஒரு நிறுவனம் சங்கத்துக்குக் கடிதம் எழுதியது. நூற்றியிரண்டு நிமிடப் பிரதி உலகத்தில் எங்கள் பக்கம் மட்டுமே ஓடியிருக்கிறதாம். அது எப்படி வந்தது என்று ஒரு கட்டுரை தந்தால், வட்டோடு வரும் கையேட்டில் போடுவார்களாம். ஒரே ஒரு கட்டுரை. எழுதியவர் பெயரோடு.

"எலி கடிச்சிருக்கும், எழுதிப் போடுங்க" என்றார் டாக்டர். மாமா எழுந்து நின்றார். அது தற்செயலே இல்லை, யாரோ ஒருவர் தெரிந்தேதான் அந்த இடத்தில் நிறுத்தினார், இருபத்தாறு வருடமாக இதைத்தான் சொல்லிவருகிறேன் என்றார். கடைசியில் கண்ணாடிக் கடைக்காரர் பஞ்சாயத்து பண்ணினார். கதவு எழுதி வந்து சங்கத்தில் வாசிக்கட்டும். சங்கம் ஒப்புக்கொண்டால் அது போகும், இல்லாவிட்டால் டாக்டர் எழுதுவார்.

மாமா எழுதினார். லிஃப்ட் சர்வீஸ் அட்டைகளின் பின்பக்கத்தில், கிரீஸ் விரல் பதிய, பதினாலு பக்கம். அவருடைய வாழ்க்கையில் மின்கட்டணச் சீட்டையும் பதினோரு லிஃப்ட்டுகளின் இயந்திர அறையையும் தவிர வேறெங்கும் அவர் பெயர் எழுதப்பட்டதில்லை. கையேட்டில் பெயர் எந்த அளவு எழுத்தில் வரும் என்று என்னிடம் நாலு முறை கேட்டார்.

வாசிப்புக்கு முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம், மாமா வீட்டில் அவர் சொல்லச் சொல்ல நான் கணினியில் தட்டிக்கொண்டிருந்தேன். அத்தை அவருடைய வேலைச் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மாமா இந்தப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அத்தைக்குக் காது தானாக மூடிக்கொள்ளும். கல்யாணத்துக்கு முன்னால் முதல்முறை சந்தித்தபோதே மாமா நாற்பது நிமிடம் இதைத்தான் பேசினாராம். "முடிஞ்சுதா?" என்று மட்டும் அத்தை கேட்டாளாம். படத்தின் முடிவைத்தான் கேட்கிறாள், ஆழமான பெண் என்று மாமா முடிவு பண்ணிவிட்டார்.

"எழுதிக்கோ" என்றார் மாமா, கண்ணை மூடியபடி. "அந்த நாலு நிமிடத்தை நீக்கிய கை, ஒரு மேதையின் கை."

"எந்தக் கை?" என்றாள் அத்தை.

"அதான், வெட்டின கை."

"வலது கையா, இடது கையா?"

"அதெல்லாம் யாருக்கும்மா தெரியும்?"

"எனக்குத் தெரியும்." அத்தை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நான் இடது கைக்காரி."

மாமா கண்ணைத் திறந்தார்.

"நீயா? நீ ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்லல்ல இருந்த?"

"யார் சொன்னா?"

"நீதான். கல்யாணத்துக்கு முன்ன எட்டு மாசம் லேப்ல வேலை பாத்தேன்னு."

"லேப்னுதான் சொன்னேன். ரத்தம்னு எப்ப சொன்னேன்? பிலிம் கழுவுற லேப். வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டு நெகட்டிவ் வெட்டி ஒட்டுற வேலை."

"அடிப்பாவி! இருபத்தாறு வருஷமா என் சுகர் ரிப்போர்ட்டை உன்கிட்டதானே காட்டுறேன்!"

"காட்டினீங்க, பாத்தேன். பக்கத்துலயே எவ்வளவு இருக்கணும்னு அச்சடிச்சிருக்கான். அதைப் படிக்கவா படிச்சுட்டு வரணும்?"

"இத்தனை வருஷமா நான் இந்தப் படத்தைப் பத்திப் பேசுறேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க மூச்சு விட்டாத்தானே நான் சொல்ல."

பிறகு சொன்னாள். படம் நீளமாக இருக்கிறது என்று விநியோகஸ்தர் புலம்பியிருக்கிறார். எந்த இடங்களை எடுப்பது என்று முதலாளி போனில் சொல்லச் சொல்ல, ஃபோர்மேன் அங்கிருந்தே இவளுக்குக் குரல் கொடுத்திருக்கிறார். நடுவில் ஒரு குரல்: "கதவை விட்டுடும்மா!"

"நான் எடுத்துட்டேன். கை தாழ்ப்பாளுக்குப் போற இடத்துல வெட்டி, நேரா பேர் போடுற இடத்துல ஒட்டியாச்சு. நாலு நாள் கழிச்சு ஃபோர்மேன் குதிகுதின்னு குதிச்சார். விட்டுடுன்னா அப்படியே விட்டுடுன்னு அர்த்தம், எடுத்துடுன்னு அர்த்தமான்னு. அதுக்குள்ள பிரிண்ட் எல்லாம் ஊர் ஊராப் போய்ச் சேர்ந்துருச்சு."

"அந்த வெட்டு..." மாமாவின் குரல் இறங்கிவிட்டது. "இருட்டாகிறதுக்கு முன்னாடி ஒரு கோணல் கோடு மின்னுமே?"

"இடது கைக்கு ஏத்த கத்தரி அங்க கிடையாது. இழுத்துக்கிச்சு."

அந்தக் கோணல் கோட்டின் தத்துவத்தைப் பற்றி மாமா மூன்று பக்கம் எழுதியிருந்தார். ஐந்தாம் பக்கத்திலிருந்து ஏழாம் பக்கம் வரை.

யாரோ தெரிந்தே நிறுத்தினார் என்பதுதான் அவர் கட்டிய வீடு. இப்போது அஸ்திவாரத்தில் இருப்பது தப்பாகப் புரிந்துகொண்ட ஒரு வார்த்தை. எலி கடித்திருந்தாலாவது எலி தெரிந்தே கடித்தது என்று சொல்லலாம்.

"மாமா, அத்தை சொல்லலைன்னா யாருக்கும் தெரியாது" என்றேன்.

"எனக்குத் தெரியுமேடா." மேசையிலிருந்த சர்வீஸ் அட்டையைத் திருப்பிக் கையெழுத்துப் போடும் கட்டத்தைக் காட்டினார். "ஏறிப் பாக்காத லிஃப்ட்டுக்கு நான் ஒருநாளும் இதுல கையெழுத்துப் போட்டதில்ல."

மறுநாள் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனார். முதல் பக்கத்தை வாசித்தார். 'மேதையின் கை' வந்ததும் நிறுத்தி, தாள்களை மடித்து, நடந்ததை நின்றபடியே சொல்லிவிட்டார். சுகர் ரிப்போர்ட் உட்பட.

பல் டாக்டருக்கு வந்த சந்தோஷத்தில் அவருடைய கடைவாய்ப் பல் வரை தெரிந்தது. "கதவு! உங்க மேதை வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு, உங்களுக்குத் தெரியல! சிஸ்டர், கோவிச்சுக்காதீங்க. இது பெரிய கண்டுபிடிப்பு. 'ஒரு பிழையின் கதை'ன்னு நானே எழுதிடறேன்."

"எழுதுங்க" என்றார் மாமா. பதினாலு பக்கத்தையும் சட்டைப்பையில் திணித்தார். பை கொள்ளவில்லை. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

விட்டுடு என்றால் எது என்று மூடிய கட்சிக்காரர்கள் இரண்டு பேர் தங்களுக்குள் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். கண்ணாடிக்காரர் அதைச் சமாளிக்க, வெட்டுப்பட்ட அந்த நாலு நிமிடத்தைத் திரையில் போட்டார். கதவு திறந்தது. இயந்திர மனிதன் வந்தான், பேசினான். பேசிக்கொண்டே இருந்தான். இருட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அத்தை.

வீட்டுக்குத் திரும்பியபோது மூவரும் மாமாவின் கட்டிட லிஃப்ட்டில் ஏறினோம். மாமா வழக்கமாக மோட்டார் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார், இன்று கேட்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது மாடி தாண்டியதும் அத்தை சொன்னாள்.

"அந்த ஃபோர்மேன்கிட்ட எட்டு மாசம் வேலை பாத்தேன். எடுக்கணும்னா விட்டுடுன்னு ஒருநாளும் சொல்ல மாட்டார். 'தூக்கு'ம்பார். தூக்கு, அவ்வளவுதான்."

மாமா நிமிர்ந்தார். "அப்ப... விட்டுடுன்னா அப்படியே வைன்னு உனக்குத் தெரியும்."

"தெரியாம என்ன?"

"பின்ன ஏன் எடுத்த?"

"தட்டுறப்ப எனக்கு முதுகு சில்லுன்னுச்சு. சின்ன மெஷின்லதான் பாத்தேன், அப்பவும். திறந்ததும் அது வந்து, இன்ஷூரன்ஸ்காரன் மாதிரி, விளக்குது விளக்குது. அந்தச் சில்லுப்பு போயிருச்சு. எனக்குப் பிடிக்கல, எடுத்துட்டேன். வேலை போயிருமேன்னு தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லிட்டேன். இப்ப அத்தனை பேர் முன்னாடி, வேணும்னே பண்ணேன்னா சொல்லச் சொல்றீங்க? இன்னொருத்தர் படத்துல கை வெச்சேன்னு?" சற்று நிறுத்தினாள். "நீங்க பதினாலு பக்கம் எழுதினது சரிதான். ஒரு வரியில முடிச்சிருக்கலாம்."

மாமாவின் முகத்தை நான் லிஃப்ட்டின் எவர்சில்வர் சுவரில்தான் பார்த்தேன். நேராகப் பார்க்கத் தைரியமில்லை. சுவரில் அது நெளிந்து நெளிந்து பெரிதாகிக்கொண்டே போனது. அவர் கை போனுக்குப் போனது. "டாக்டருக்குப் போடறேன். இன்னும் அனுப்பியிருக்க மாட்டார்."

"அதை விட்டுடுங்க" என்றாள் அத்தை.

ஐந்தாவது மாடி வந்தது. கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. மாமா போனைப் பிடித்தபடி அத்தையைப் பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் அவள் சொல்கிறபடி செய்வதற்காக அவர் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"எந்த விட்டுடு?"

"ஃபோர்மேனோடது."

அவர் போனைப் பைக்குள் போட்டார். கதவு மூடப் பார்த்தது. காலை வைத்துத் தடுத்தார். மற்றவர்கள் அப்படிச் செய்தால் கத்துவார்.

கையேடு வந்துவிட்டது. டாக்டரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. 'சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்ட ஒரு பெண்மணி' என்று ஒரு வரி. மாமா இரண்டு பிரதி வாங்கினார். அந்த வரியைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறார், கண் அட்டைக்குக் கீழே உட்காருகிறார், வாயே திறப்பதில்லை. டாக்டருக்கு அது பொறுக்கவில்லை. "என்னய்யா கதவு, எதாவது சொல்லுங்க. சண்டையே இல்லாம ஒரு மாதிரியா இருக்கு" என்று வாரத்துக்கு வாரம் கெஞ்சுகிறார். மாமா அவருக்குத் தன் பற்களைக்கூடக் காட்டுவதில்லை.

இதை எழுதி முடித்து அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். சட்டைகளுக்கு நீர் தெளித்துக்கொண்டே கேட்டாள். லிஃப்ட்டில் நடந்ததை என்ன செய்யட்டும் என்றேன்.

"விட்டுடுடா" என்றாள்.

விட்டிருக்கிறேன்.