நாற்பத்திரண்டை வெளியே எடுத்தவள்

இடைநிலைப்பள்ளி முதல் படிவத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவள். நான் மலாக்கா டவுனில் வளர்ந்தவள். அப்பா அரசாங்க ஆபீசில் இருந்ததால் மலாய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கணக்கில் மட்டும் அவள் கிட்டே நெருங்க முடியாது.

அன்று ஆசிரியர் 84 + 126 என்று பலகையில் எழுதினார். மீப்பெரு பொதுக் காரணியை வெளியே எடுத்து, மீதியை அடைப்புக்குறிக்குள் கூட்டலாக எழுத வேண்டும். பாதி வகுப்பு 2(42 + 63) என்று நின்றுவிட்டது. அவள் 126-லிருந்து 84-ஐக் கழித்தாள். வந்த 42, இரண்டு எண்ணையும் மிச்சமில்லாமல் வகுத்தது. 42(2 + 3) என்று எழுதி முடித்தாள். புத்தகத்தில் அந்த வழி கிடையாது. எப்படி என்று கேட்டேன்.

"ரெண்டையும் வகுக்கிற நம்பர், வித்தியாசத்தையும் வகுத்துத்தானே ஆகணும்" என்று காதோரம் சொன்னாள்.

வரிக்கு வரி பார்த்து எழுதினேன்.

இரண்டு நோட்டிலும் ஒரே வழியைக் கண்ட ஆசிரியர் எங்களை எழுப்பி, மலாயில் விளக்கச் சொன்னார். 'தோலாக்' என்று கழித்தலைச் சொன்னவளுக்கு அதற்குமேல் வார்த்தை வரவில்லை. அடுத்து நான். அவள் காதில் சொன்னதை அழகான மலாயில் ஒப்பித்தேன். உன்னைப் பார்த்துத்தான் இவள் எழுதினாளா என்று ஆசிரியர் என்னிடம் கேட்டார். அவளை ஒருமுறை பார்த்தேன். பிறகு தலையாட்டினேன்.

காப்பியடித்தவள் என்று, அடுத்த வாரமே அவளை மார்க் குறைந்தவர்களுக்கான கடைசி வகுப்புக்கு மாற்றினார்கள். அங்கே கணக்குப் பாடம் பேருக்குத்தான் நடக்கும். மூன்றாம் படிவத்தோடு நின்று, பத்து பெரண்டாம் என்ற ஊரில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அந்த வருடக் கணக்குப் பரிசு எனக்குக் கிடைத்தது. அம்மா அதை இன்னமும் அலமாரியில் வைத்திருக்கிறாள்.

போன வருடம் கடலோரம் உம்பாயில் மீன் சாப்பிடப் போன இடத்தில் அவளைப் பார்த்தேன். கணவனோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய், அன்றைக்கு நான் செய்தது தப்பு, மன்னித்துவிடு என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பயந்துட்டேன்னு சொல்லாதே லா. என்னைப் பாத்துட்டு, யோசிச்சுத்தானே தலையாட்டுன."

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். எந்த மொழியிலும் வரவில்லை. அவள் கணவன், யார் இது என்று கேட்டான். கூடப் படித்தவள் என்று சொல்லிவிட்டு, மீன் முள்ளை எடுக்கத் தொடங்கினாள்.