கெட்டி மேளத்துக்கு விட்டுவைத்த இடம்

மராட்டிப் பக்கத்து விஷ்ராந்த்வாடியில் ஒரு தமிழ்க் கல்யாணத்துக்கு ஒலிப்பதிவு செய்யப் போயிருந்தேன். முதல் நாள் மாலையே மணப்பெண் என்னிடம் வந்து சொல்லிவிட்டாள்.

"அண்ணா, அடுத்த வாரம் அப்பாவுக்குத் தொண்டைல ஆபரேஷன். அப்புறம் பேச்சு வருமான்னு டாக்டருக்கே தெரியல. நாளைக்கு அப்பா குரல் மட்டும் நல்லா வந்துட்டாப் போதும்."

அன்றிரவே மைக்கையும் ஒயரையும் இரண்டு முறை சோதித்துப் பார்த்தேன்.

ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன் நான். மைனஸ் கணக்குக்குப் பயந்தே விட்டேன் என்றுகூடச் சொல்லலாம். பிழைப்பு என்னவோ மைனஸிலேயே அமைந்துவிட்டது. பதிவுக் கருவியில் சத்தத்தை மைனஸில்தான் அளப்பார்கள்; பூஜ்யம்தான் கூரை. சத்தம் அதில் முட்டினால் சிவப்பு எரியும், குரல் கரகரவென்று உடையும். உடைந்ததை எந்தக் கம்ப்யூட்டராலும் ஒட்ட முடியாது. சன்னமாக வந்ததையாவது பிறகு ஏற்றிக்கொள்ளலாம். அதனால் மேலே எப்போதும் இடம் விட்டே வைப்பேன்.

காலையில் பெண்ணின் அப்பாவுடைய அங்கவஸ்திரத்தில் மைக்கைக் குத்தினேன். கன்னிகாதானத்தில் அவர் மந்திரம் சொன்னபோது கருவியில் சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு மைனஸ் முப்பதைத் தாண்டவில்லை. இன்னொரு ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்த பெண்ணின் தாய்மாமா என் தோளைத் தட்டினார்.

"அரே, எறும்பு பேசற மாதிரி இருக்கேப்பா. கொஞ்சம் ஏத்து."

"மேளம் வருமே சார். இதே மைக்லதான் விழும்."

"மேளம் யாருக்கு வேணும்? அவர் குரலுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டிருக்கு?"

அதுவும் நியாயம்தான். கை சத்தத்தை ஏற்றும் குமிழுக்குப் போனது, திரும்பி வந்தது. இது முன்ஜாக்கிரதையா, வெறும் பயமா என்று எனக்கே விளங்கவில்லை. வீடியோ எடுத்த மராட்டிக்காரர் தூரத்திலிருந்தே, டென்ஷன் ஆகாதே என்று கையைக் காட்டிச் சிரித்தார்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கினார். தவில்காரர் ஐயரின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விரல் உயருமுன், தொண்டையை அலட்டவே கூடாதென்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்த அந்த அப்பா கையைத் தூக்கி மண்டபம் அதிரக் கத்தினார்.

"கெட்டி மேளம், கெட்டி மேளம்."

கோடு சீறி ஏறியது. மஞ்சள். மைனஸ் மூன்று. நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்துகொண்டன. சிவப்பு எரியவில்லை.

அப்போதும் நம்பிக்கை வரவில்லை. பந்திக்குப் போகாமல் சமையற்கட்டுப் பக்கம் ஒதுங்கிப் பதிவைப் போட்டுக் கேட்டேன். உடையவில்லை. மறுபடியும் கேட்டேன். மாமா வந்து ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தார். கேட்டுவிட்டுப் பெண்ணைக் கூட்டிவரப் போனார்.

அவள் வருவதற்குள் இன்னொரு மெமரி கார்டில் நகல் எடுத்தேன். அதைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, பை எங்காவது கிழிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டேன்.