மகளின் இரசாயனச் சோதனைக்கு நானும் போனேன்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் என் மகள் டொக்டராவாள் என்று இத்தாலியில், பலெர்மோவில் தெரிந்த தமிழருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். சொன்னதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

பள்ளிக்கூடம் முடித்து மருத்துவத்துக்கு எழுதின நுழைவுச் சோதனையில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அடுத்த செப்டெம்பரில் திரும்ப எழுதலாம், அதுவரை சும்மா இருக்கக்கூடாது என்று பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கச் சேர்ந்தாள். அங்கே இரசாயனத்தில் முதல் தரமும் போச்சு, இரண்டாம் தரமும் போச்சு.

பலாறோச் சந்தையில் மன்னார்க்காரி ஒருத்தி பிடித்துக்கொண்டாள்.

“என்னக்கா, உங்கடை டொக்டரம்மா எப்ப ஊசி போடுவா? எனக்கு முழங்கால் நோகுது.”

“உமக்கு முழங்காலிலை இல்லை, நாக்கிலைதான் போடவேணும்” என்றேன். வீட்டுக்கு வந்தால் கத்தரிக்காய் வெட்டக் கை ஓடவில்லை.

என் வீட்டுக்காரருக்குப் பொலிதேயாமாப் பக்கம் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிற வேலை. “இந்தத் தரமும் கோட்டை விட்டாளெண்டால் படிச்சது காணும். கிழவற்றை மகளுக்கு வீட்டு வேலைக்கு ஆள் வேணுமாம். செப்டெம்பரும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்” என்றார். சொன்னால் செய்கிற மனுஷன்.

பாடம் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. குசினிக்குள் நின்று கடகடவென்று சொல்லுவாள்.

“பிறகேன் பிள்ளை?”

“அங்கை எழுதுறேல்லையம்மா. புரொபெசோரேக்கு முன்னாலை இருந்து வாயாலை சொல்லவேணும். சத்தம் வருகுதில்லை.”

அந்தச் சோதனையை ஆரும் போய்ப் பின்னால் இருந்து பார்க்கலாமாம். மூன்றாம் தரம் அவள் போன அன்று, நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோரா அம்மாவிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, நல்ல சேலை உடுத்துக்கொண்டு போனேன்.

என் பிள்ளை கதிரை நுனியில் இருந்தாள். கை இரண்டும் மடியில், கண் நிலத்தில், குரல் அவளுக்கே கேட்டிராது. பெரியவர்களுக்கு முன்னால் அப்படி இருக்கத்தான் பழக்கியிருந்தேன். எங்கடை ஆட்கள் பார்த்தால் நல்ல வளர்ப்பு என்பார்கள். அந்தப் புரொபெசோரேயோ, படிக்காமல் வந்த பெட்டை என்று நினைத்துவிட்டார். பேனையை மூடினார்.

“படிச்சுப்போட்டு வாரும், சிஞ்ஞொரினா.”

நான் எழும்பித் தமிழில் கத்தினது எனக்கே தெரியாது.

“பிள்ளை, அவற்றை முகத்தைப் பாத்துக் கதை!”

எல்லாத் தலையும் திரும்பியது. “ஆர் அந்தச் சிஞ்ஞோரா?” என்று அவர் கேட்டார்.

“என்ரை அம்மா.”

“என்ன சொல்லுறா?”

“உங்கடை முகத்தைப் பாத்துக் கதைக்கட்டாம்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப பாருமன்” என்றார்.

பார்த்தாள். முதலில் திக்கித் திக்கி, பிறகு கையையும் ஆட்டிச் சொன்னாள். கடைசியில் அவர் முப்பதுக்குப் பதினெட்டு என்றார். இங்கே அதுதான் மட்டுமட்டாகத் தப்புகிற புள்ளி. எனக்குப் போன உயிர் வந்தது. அவள் எழும்பவில்லை.

“இன்னொரு கேள்வி கேளுங்கோ, புரொபெசோரே.”

“பிழை விட்டால் இந்தப் பதினெட்டும் இல்லை.”

“ஓம், கேளுங்கோ.”

காணும், எழும்பு என்று பின்னாலிருந்து கை காட்டினேன். திரும்பிப் பார்த்தால்தானே! அவர் கேட்கிறார், இவள் சொல்கிறாள், அவர் மறுக்கிறார், இவள் விடுகிறாளில்லை. இரண்டுபேரும் சண்டை பிடிக்கிறார்கள் என்றே நினைத்தேன். போச்சு, எல்லாம் போச்சு என்று சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு போட்டார்.

இவர் வேலையால் வந்து சப்பாத்துக் கழட்ட முன்னமே சொன்னேன்.

“இந்தப் புள்ளிக்கு மருத்துவத்திலை இடம் குடுப்பினமோ?”

“இல்லையப்பா. அதுக்கு நுழைவுச் சோதனைதான். இதை அங்கை பார்க்கமாட்டினம்” என்றாள் மகள்.

எனக்குத் திக்கென்றது. இவர் ஒரு சப்பாத்தைக் கழட்டி வைத்தார்.

“அதுவும் வாயாலை சொல்லுறதோ?”

“இல்லை, எழுதுறது.”

“அப்ப எழுதிப்போட்டு வா. கிழவற்றை மகளுக்கு இப்ப ஆள் இல்லையெண்டு சொல்லுறன்.”